ஆயுதம் தரித்த ரீச்சர்

வாரத்தில் ஐந்து நாட்கள் நான் கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடிப்பவள். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ரீச்சர். தொழிற்சாலையில் என் பெயர் யாருக்கும் வாயில் வராது. மூன்றாவது மேசைப் பெண் என்பார்கள். அதனாலேயே அந்தச் சனிக்கிழமை மூன்று மணித்தியாலத்தை நான் எவ்வளவு பெரிதாக வைத்திருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வெள்ளி மாலையே சேலையை அயர்ன் பண்ணி வைத்துவிடுவேன். ஊரில் நான் படிப்பித்தது மொத்தமாக எட்டு மாதம், அதுவும் பிள்ளை பெறப் போன ஒருவருக்குப் பதிலாக. மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது அது "ஊரிலை ரீச்சரா இருந்தவ" என்று வளர்ந்துவிட்டது. நான் திருத்தவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் நிலவறையில் நடந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு மண்டபம், ஒரு ரீச்சர். கத்தோலிக்கக் குடும்பங்களும் சைவக் குடும்பங்களும் கலந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். மாதா சொரூபத்துக்குக் கீழே நின்று நான் உயிரெழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். படிக்கட்டால் இறங்கினால் நேரே மண்டபத்தின் கதவு. அதற்குப் பூட்டுக் கிடையாது. வெகுநாள்வரை யாருக்கும் அது ஒரு குறையாகப் பட்டதுமில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், கோடை முடிந்த கையோடு, நகரத்தில் ஒரு கல்லூரிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து சுட்டான். தொழிற்சாலையில் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அந்தக் கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்கவிட்டிருந்த பெண்கள் இருவர் வேலையை விட்டுவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினார்கள். அங்கே எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து நான் எழும்பவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து மனிதர்கள் கோட்டும் டையுமாக வந்து, ஆசிரியர்களின் கையில் துப்பாக்கி கொடுத்தால்தான் இதற்கு முடிவு வரும் என்று வாதாடினார்கள். வேறு சிலர் வந்து, பைத்தியக்காரத்தனம் என்றார்கள். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. கடைசியாகக் கதைத்தவர் யாரோ, அவருடைய பக்கம் நான்.

அந்தக் குழப்பத்தோடுதான் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். வழமையாக எங்கள் கூட்டங்களில் கார் நிறுத்துவது பற்றியும் கலைவிழாவுக்கு யார் வடை சுடுவது என்பது பற்றியும்தான் கதைப்போம். அன்று ஒரு தகப்பன் எழுந்து துப்பாக்கியைப் பற்றிக் கதைத்தார். பெரிய வணிக வளாகம் ஒன்றில் காவலாளியாக வேலை செய்பவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. அமெரிக்காவில் கதைக்கிறார்களே, நாங்களும் யோசிக்க வேண்டாமா, பூட்டில்லாத நிலவறையில் இத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறோம், ரீச்சரின் கையில் என்ன இருக்கிறது, ஒரு சோக்கட்டிதானே என்று கேட்டார்.

பின்வரிசையில் இருந்து ஒரு தாய் பதில் சொன்னார். மன்னாரைச் சேர்ந்தவர், வைத்தியசாலை ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. அவருடைய சின்ன மகள் என்னிடம் படித்தாள். மூத்தவளும் சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்துவிட்டுப் போனவள். அதிகம் கதைக்காதவர் அன்று எழுந்து நின்றே கதைத்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். பிள்ளையள் படிக்கிற இடத்துக்கு அதை நாங்களே கொண்டு வாறதே?"

அதில் பிழை ஒன்றும் இல்லை. என் பகை அந்தக் கருத்தோடு அல்ல, சொன்னவரோடு. இரண்டு கிழமைக்கு முன் நான் கரும்பலகையில் "சுவற்றில் படம் தொங்குகிறது" என்று எழுதியிருந்தேன். மகளைக் கூட்டிப்போக வந்த அந்தத் தாய் வாசலில் நின்று அதை வாசித்துவிட்டு, "ரீச்சர், சுவரில் எண்டு வரும் எண்டு நினைக்கிறன்," என்றார். இருபத்திரண்டு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டும் சரி என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினால், அவர் சொன்னதுதான் சரி. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே எழுந்து நின்று ஆசிரியருக்கு ஆயுதம் வேண்டும் என்று கதைத்தேன். நன்றாகவே கதைத்தேன். துவக்கு எனக்குப் புதிசில்லை, நான் பார்க்காத துவக்கா என்றேன். பார்த்தது உண்மை, சந்திக்குச் சந்தி நின்ற ஆமியின் தோளில். மரக்கறி வெட்டும் கத்தியைத் தவிர வேறெதையும் நான் பிடித்ததில்லை. கடைசியில், அவர் இருந்த பக்கமாகப் பார்த்து ஒரு வசனமும் சொன்னேன்.

"பிள்ளையளிலை உண்மையான அக்கறை இருக்கிற ஆக்களுக்கு இதைப் பற்றிக் கதைக்கக் கூச்சம் வராது."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தன் கோட்டின் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனி, வகுப்புக்கு முன்னதாகவே காவலாளி அண்ணை வந்து ஒரு பையை நீட்டினார். உள்ளே ஒரு சிவப்புத் தகரக் குப்பி, அதில் வாயைப் பிளந்தபடி ஒரு கரடியின் படம். துப்பாக்கி இந்த நாட்டில் நடவாத காரியம், மனிதருக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிரேக்கும் தடை, ஆனால் காட்டுக்குக் கூடாரமடிக்கப் போகிறவர்கள் கரடிக்கென்று இதைக் கடையில் வாங்கலாம் என்று விளக்கினார். கரடிக்கு வேலை செய்வது மனிதனுக்குச் செய்யாதா என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். போன கிழமை நானே கதைத்தது நினைவுக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் அந்தக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாசாலில் பத்து வருடமாக அணிலையும் நாற்றமடிக்கிற ஸ்கங்கையும் தவிர வேறொரு மிருகத்தையும் நாங்கள் கண்டதில்லை.

"நீர் கதைக்கத் தொடங்கினாலே கரடி ஓடியிடும். இது என்னத்துக்கு?" என்றார்.

நான் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று ஒத்திகை பார்த்தேன். கைப்பையில் இருந்து குப்பியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் சாப்பாட்டுப் பெட்டி வரும், பிறகு குடை, மூக்குக் கண்ணாடிக் கூடு, வீட்டுக் கதவுத் திறப்புக் கோர்வை, மெட்ரோ அட்டை. அதற்குள் கரடி என்னைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருக்கும். ஆகவே குப்பியைக் குளிர்கோட்டின் பைக்குள் மாற்றினேன். ஆனால் கோட்டைக் கழற்றி வகுப்பின் மூலையில் மாட்டினால் பிரயோசனம் இல்லையே. அதனால் கோட்டோடு படிப்பித்தேன். தேவாலயத்து ஹீட்டருக்குப் பக்கத்தில், முழங்கால் வரை நீண்ட கோட்டுக்குள், அயர்ன் பண்ணிய சேலையோடு வியர்த்துக்கொண்டு நின்று நெடிலும் குறிலும் சொல்லிக்கொடுத்தேன்.

"ரீச்சர், உங்களுக்குக் குளிருதா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

"ஓம்," என்றேன், நெற்றியைத் துடைத்தபடி.

ஆறு சனிக்கிழமைகள் அப்படிப் போயின. ஆயுதம் கைக்கு வந்தால் தைரியம் கூடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது நேர்மாறாக நடந்தது. அதுவரை அந்தக் கதவால் வருகிறவர்களை வரவேற்றவள், இப்போது ஒவ்வொருவரின் கையையும் பார்த்தேன். பிந்தி வருகிற தகப்பன்மாரிடம் சிரிப்பதை நிறுத்தினேன். மேசையை நகர்த்திச் சுவரோரம் போட்டேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டினாலும் கதவுக்குக் காட்டுவதில்லை என்று முடிவெடுத்ததால் கரும்பலகையில் எழுதுவது குறைந்தது. கவனம் கதவில் இருந்ததால் சொல்வதெழுதுதலில் ஒரே வசனத்தை மறந்துபோய் இரண்டு தரம் சொன்னேன். பிள்ளைகள் இரண்டு தரம் எழுதினார்கள். பிழை அவர்களுடையது என்று சிவப்புப் பேனையால் வெட்டியும் விட்டேன்.

நவம்பர் நடுவில் ஒரு சனி. வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. நான் வாசித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். வகுப்பு முடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் யாரும் வருவதில்லை. படிக்கட்டில் பாரமான சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

கணுக்கால் வரை நீண்ட கறுப்புக் கோட். தலையை மூடிய தொப்பி. முகம் தெரியவில்லை. வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

ஒத்திகையில் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. என் கை பைக்குள் போய்க் கையுறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. குப்பியின் பாதுகாப்பு ஊசியைக் கழற்றினேனா இல்லையா என்றும் தெரியாது. குப்பியை நீட்டி, "அசையாதை," என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரி இருக்கவில்லை. எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் கேட்ட குரல் மாதிரி இருந்தது.

வந்த உருவம் அசையவில்லை. பிறகு, மிக மெதுவாக, பைக்குள் இருந்த கை வெளியே வந்தது. வெறுங்கை. இரண்டு கைகளும் மேலே போய்த் தலையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அவசரமில்லாமல், முன்பும் செய்து பழகியவர் செய்வதுபோல. தொப்பி பின்னால் சரிந்தது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி.

இரண்டாவது வரிசையில் இருந்து ஒரு சின்னக் குரல், "அக்கா," என்றது.

அந்த மன்னார்த் தாயின் மூத்த மகள். இரட்டைப் பின்னலோடு என்னிடம் படித்தவள். தாய்க்கு அன்று வேலை நேரம் மாறியதால் தங்கையைக் கூட்டிப்போக வந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தபடி நின்றேன். அவள்தான் கதைத்தாள், கைகளைத் தலையில் வைத்தபடியே, என்னைப் பயப்படுத்தக் கூடாது என்பதுபோல மெல்லிய குரலில்.

"ரீச்சர், அது உங்கட பக்கம் திரும்பியிருக்கு."

குனிந்து பார்த்தேன். குப்பியின் கறுப்பு வாய் என் மூக்கை நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

குப்பியை மேசையில் வைத்தேன். அது உருண்டு கீழே விழுந்து முதல் வரிசைக்கு அடியில் போனது. ஒரு பிள்ளை குனிந்து எடுத்துக் கொண்டுவந்து தந்துவிட்டு, நான் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லும் வரை காத்து நின்றது. சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன், கதவடியில் மூத்தவள் இன்னும் கைகளை இறக்கவில்லை.

"கையை எடு பிள்ளை," என்றேன். அதற்குப் பிறகுதான் எடுத்தாள்.

பிள்ளைகளுக்குப் படம் கீறச் சொல்லிவிட்டு அவளைக் கதிரையில் இருத்தி, என் ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தமிழும் பிரெஞ்சும் கலந்து சொன்னாள். அன்று அவள் அந்தக் கல்லூரியில் இருந்திருக்கிறாள். மேல் மாடியில், வகுப்புக்குள். சத்தம் கேட்டதும் அவர்களுடைய ஆசிரியர், மெலிந்த வயதான மனிதர், விளக்கை அணைத்து, மேசைகளைக் கதவோடு அடுக்கி, தானும் அந்த மேசைகளில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கதைக்க வேண்டாம் என்று வாயில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தாராம். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து வந்தவர்கள் பொலிஸார். அவர்களின் துவக்குகளும் இவர்களைப் பார்த்துத்தான் நீண்டிருந்தன. எல்லோரும் தலையில் கை வைத்தபடி வரிசையாக வெளியே வந்தார்கள், ஆசிரியரும்தான்.

ஆசிரியர்களுக்குத் துவக்குக் கொடுப்பது பற்றி இங்கே கூட்டத்தில் கதைத்ததாக அம்மா சொன்னார் என்றாள். நான் அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

"எங்கட வாத்தியாரிட்டை அண்டைக்கு துவக்கு இருந்திருந்தா, உள்ளை வந்த பொலிஸுக்கு ஆர் ஆரெண்டு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்? அவரைத்தான் சுட்டிருப்பினம்."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. கணக்கில் எங்கே பிழைத்தது என்று காட்டுகிற பிள்ளையின் குரலில் சொன்னாள். பிறகு தங்கைக்குக் கோட் மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று வீட்டில் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போல் சிரித்துப் பகிடி ஒன்றும் விடாததில் இருந்தே விஷயத்தின் பாரம் எனக்கு விளங்கியது. பின்வரிசையில் இருந்து அந்தத் தாய் எழுந்து கதைத்தபோது, அந்த மண்டபத்திலேயே அதைப் பற்றிக் கதைக்க உரிமையுள்ள ஒரே ஆள் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் நான் அக்கறையைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு 'சுவற்றி'னால்.

ஞாயிறு பின்னேரம் பஸ் எடுத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று தொழிற்சாலையில் எங்களுக்குத் தருகிற உடைந்த பிஸ்கட் பை ஒன்றைக் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் உடைந்த பிஸ்கட்டோடு போகலாமா என்ற யோசனை மூன்றாம் மாடிக்கு ஏறிய பிறகுதான் வந்தது.

அவர், "வாங்கோ ரீச்சர்," என்று இருத்தினார். நான் தொடங்கினேன். நிலவறையில் வெளிச்சம் போதாது என்றேன். கோட் கறுப்பு என்றேன். பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டாள், அடையாளம் தெரியவில்லை என்றேன். சாட்டுப்போக்குகள் முடிந்துபோய் வேறு வழி இல்லாதபோது, "பிழை என்னிலைதான்," என்றேன். "கூட்டத்திலை உங்களைப் பாத்துச் சொன்னதும் பிழை."

அன்றைக்கு ஏன் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எல்லாரும் அவளைப் பாக்கவெண்டு வீட்டை வருவினம். அவள் அப்ப அறையை விட்டே வெளிக்கிடேல்லை," என்றார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார், "நேற்று நீங்கள் நல்லாப் பயந்துபோனியள் எண்டு சொன்னவள். உங்களைப் பாக்கப் பாவமா இருந்ததாம்."

உள்ளறைக் கதவு மூடியிருந்தது. இரண்டு பேரும் உடைந்த பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டோம். அவர் அழவில்லை. நான் கொஞ்சம் அழுதேன். அங்கேயும் ஆறுதல் சொல்லும் வேலை அவருக்குத்தான் வந்தது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழைய மாணவியின் மேல் குப்பியை நீட்டினேன், அதையும் தலைகீழாக நீட்டினேன் என்று மட்டும் சொன்னேன். அழகாகக் கதைக்க வேண்டுமென்று எழுதிக்கொண்டு போயிருந்தேன்; இரண்டாவது வரியிலேயே தாளை மடித்துவிட்டேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான்.

காவலாளி அண்ணை எழுந்து வந்து என் கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டார். அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"எனக்கும் வேலையிலை ஒரு டோர்ச்சும் ஒரு வோக்கிடோக்கியும்தான் தந்திருக்கினம். ஒவ்வொரு நாளும் பயந்துதான் நிக்கிறனான். உங்கடை கையிலையாவது ஏதும் இருக்கட்டும் எண்டு நினைச்சன், ரீச்சர்."

அதற்குப் பிறகு யாரும் அமெரிக்காவைப் பற்றிக் கதைக்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டித் தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று அந்தத் தாய் கேட்டார். இத்தனை கிழமையாக வாதாடிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தேவாலயத்துப் பராமரிப்பாளர், கியூபெக்காரக் கிழவர், ஒன்றைப் பொருத்தித் தந்தார்.

டிசம்பரில் ஒரு சனி ஒத்திகை வைத்தோம். மூத்தவள் தானாகவே வருகிறேன் என்றாளாம். கதவுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கொண்டியைப் போட்டு, விளக்கை அணைத்தேன். பிள்ளைகள் அவள் முன்பே காட்டி வைத்த மூலையில் போய்க் குந்தினார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலும் அவர்களுக்கு இது பழக்கம். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த இருட்டில் சத்தம் போட்டது நான் ஒருத்திதான். ஆடாதையுங்கோ, இருமாதையுங்கோ, கதையாதையுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ரீச்சர், உங்கட குரல் மட்டும்தான் கேக்குது," என்று வெளியே இருந்து சொன்னாள்.

வாயை மூடினேன். ஐந்து நிமிடம் கழித்து விளக்கைப் போட்டுக் கொண்டியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். புதுக் கொண்டி, ஈரத்தில் ஊதிய பழைய கதவு. இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இருபத்திரண்டு பிள்ளைகளையும் என்னையும் யாராலும் நெருங்க முடியாதபடி நான் காப்பாற்றிவிட்டேன்.

கொண்டி வரவில்லை என்று கதவு வழியாகச் சொன்னேன். வெளியே ஏதோ சத்தம். அழுகிறாளோ என்று பயந்தேன். தங்கைக்காரி எழுந்து ஓடிவந்து கதவில் காதை வைத்தாள்.

"அக்கா சிரிக்கிறா," என்றாள், எல்லோருக்கும் அறிவிப்பதுபோல.

பராமரிப்பாளர் ஸ்க்ரூட்ரைவரோடு வந்து கதவையே பிணைச்சலில் இருந்து கழற்றினார். பிரெஞ்சில் நிறையச் சொன்னார். எனக்கு விளங்கியது "மடாம்" மட்டும்தான். அன்று வகுப்பு முடிய ஒன்றே முக்கால் ஆகிவிட்டது.

பின்னேரம் அந்தத் தாய் தொலைபேசி எடுத்தார். பிள்ளை சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், நீங்கள் அப்படி என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன், சேலைத் தலைப்பைச் சுற்றி இழுத்தது உட்பட. அவரும் சிரிக்கத் தொடங்கினார். நெடுநேரம் சிரித்தார். எனக்குச் சற்று அவமானமாகத்தான் இருந்தது. அதையும் அவரிடமே சொன்னேன்.